தம்பி என்று பதிவானவன்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது சிறுத்தை இல்லை, சிவிங்கி. கண்ணோரத்திலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கியிருந்தால் சிவிங்கி. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. எங்கள் இனப்பெருக்க மையத்துக்கு வருகிறவர்கள் அரைமணி நேரம் நான் விளக்குவதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கிளம்பும்போது "சிறுத்தையெல்லாம் சூப்பரா இருக்கு சார்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலில் ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவு, பிறகு இங்கே சிவிங்கிகளின் வம்சப் பதிவேடு என்று பதினெட்டு வருஷம் எழுதியே தேய்ந்தவன் நான். ஒரு சொல் தப்பாக விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதை என்னைப் பற்றியது இல்லை, அக்காவைப் பற்றியது. யாருக்கு அக்கா என்று கேட்காதீர்கள். மையத்தில் எல்லாருக்கும் அக்கா. வாசலில் நிற்கும் காவலர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் "அக்கா வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். சம்பளப் பட்டியலில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அக்காவே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஐம்பத்திரண்டு வயது. கால்கள் ஒரு இடத்தில் நிற்காது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷம் நின்றபடியே போர்வை தேய்த்தவர். அந்தப் பழக்கம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. டீயை நடந்துகொண்டே குடிப்பார். என் அறைக்கு வந்தால் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வருவார், உட்கார மாட்டார். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "நான் நாள் முழுக்க மேலயும் கீழயும் போறேன், வீட்டுக்கு வந்தா உங்க அக்கா குறுக்கயும் நெடுக்கயும் போறா. எனக்குத் தலை சுத்துதுங்க."

எங்கள் மையத்துக்கும் அவர் போர்வை துவைக்கத்தான் வந்தார். வந்த இரண்டாம் மாதம் ஒரு சிவிங்கி ஒரே ஒரு குட்டி போட்டது. ஒற்றைக் குட்டி என்றால் சிவிங்கிக்குப் பால் சரியாக ஊறாது. முட்டிக் குடிக்க நாலு வாய் வேண்டும். தாய் இரண்டு நாள் பார்த்துவிட்டு, குட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டது. குட்டிக்குச் சூடு கொடுக்கப் போர்வை கேட்டார்கள். போர்வையோடு போன அக்கா திரும்பிச் சலவைக்கு வரவே இல்லை. புட்டிப்பால், வயிற்றைத் தேய்த்துவிடுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எடை பார்ப்பது என்று அதோடு ஒட்டிக்கொண்டு, தீனிப் பிரிவு ஆளாகவே ஆகிவிட்டார். அந்தக் குட்டிதான் அண்ணன். இதெல்லாம் நான் வருவதற்கு முன்னால் நடந்தது, எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும்.

அண்ணன் இருந்தால் தம்பி ஒருத்தன் இருக்க வேண்டுமே. இருந்தான். அண்ணன் நடுக்கூண்டில், தம்பி அதே கூண்டில். ஒருவன் படுத்தால் மற்றவன் அவன் முதுகில் தலையை வைத்துப் படுப்பான். நான் ஏழு வருஷத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் ஒரு வயது. என்னையும் முதலில் தம்பி என்றுதான் அக்கா கூப்பிட்டார். இரண்டாம் நாளே நிறுத்திவிட்டார்.

"தம்பின்னு கூப்பிட்டா அவன் வேலியில வந்து நிக்கிறான். ஏமாத்துறோம்னு நினைச்சுக்குவான். உன்னை நான் ரிஜிஸ்டர்னே கூப்பிடுறேன்."

ஒரு மிருகத்துக்காக என் உறவைப் பிடுங்கிக்கொண்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

என் வேலை என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த இனம் ஏறக்குறையப் பூண்டோடு போய், மிஞ்சிய ஒரு கைப்பிடியிலிருந்து மறுபடி பெருகியதாம். அதனால் இன்றைக்கு இருக்கிற சிவிங்கிகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் பங்காளிகள். ஒன்றின் தோலை வெட்டி இன்னொன்றுக்கு ஒட்டினால், நம்முடையதுதானே என்று அந்த உடம்பு ஏமாந்து ஏற்றுக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொல்வார். ஆண்களின் விந்தில் பத்துக்கு ஏழு கோணல். பெண்கள் எப்போது சேரும், சேராது என்று அவற்றுக்கே தெரியாது. பிறக்கும் குட்டிகளிலும் பாதி தங்காது. இந்த நிலைமையில் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டால் வம்சம் அத்தோடு போச்சு. அதனால் ஜோடி சேர்ப்பதற்கு முன்னால் எல்லாரும் என் அறைக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "என்ன முறை?" நான் பதிவேட்டைத் திறந்து, இவனுக்கு இவள் ஒன்றுவிட்ட தங்கை, அவளுக்கு இவன் சித்தப்பா முறை என்று சொல்வேன். நான் வேண்டாம் என்றால் கதவு திறக்காது. அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்துக் கூண்டில் ஒரு பெண் சிவிங்கி இருந்தாள். பெயர் வீம்பு. அண்ணனின் அப்பாவுக்கு வேறொரு தாயிடம் பிறந்தவள். வெளியிலிருந்து மூன்று மாப்பிள்ளைகளை வரவழைத்தோம். மூன்று பேரையும் மூக்கில் அறைந்து துரத்தினாள். ஆறு வயதாகிவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இப்படியே போனால் கருப்பையில் கட்டி வந்துவிடும், பிறகு குட்டி என்ற பேச்சே கிடையாது என்று டாக்டரம்மா கவலைப்பட்டார்.

"ரிஜிஸ்டர், ஒண்ணு சொல்றேன் கேளு," என்று அக்கா நாற்காலியைச் சுற்றினார். "வீம்பு வேலிகிட்ட வந்தா அண்ணன் கண்டுக்கவே மாட்டேங்கிறான். தம்பி மட்டும் திக்குறான்."

பருவத்துக்கு வந்த பெண்ணைக் கண்டால் ஆண் சிவிங்கி விட்டு விட்டு ஒரு குரல் கொடுக்கும். அதைத்தான் நாங்கள் திக்கல் என்போம்.

"அவ அவனுக்குத் தங்கச்சி முறைக்கா. அவனுக்குத்தான் வெட்கம் இல்ல, நமக்குமா இல்ல?" என்றேன்.

"அப்ப அண்ணன் ஏன் திக்கல?"

"அவன் ஒழுக்கமானவன்."

அக்கா சிரித்துவிட்டுப் போய்விட்டார். மூன்று வருஷத்தில் நாலுமுறை இதே பேச்சு. நாலுமுறையும் நான் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். ஒரே தாய், ஒரே தகப்பன். என் கையெழுத்தில், மணிமணியாக.

சென்ற வருஷம் புது இயக்குநர் வந்தார். இடம் போதவில்லை. அண்ணனின் அப்பா வழியில் ஏற்கெனவே பதினோரு உருப்படி ஆகிவிட்டது. அந்த வம்சம் போதும், அண்ணனுக்கும் தம்பிக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்து வேறொரு மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவெடுத்தார். என் பதிவேட்டைப் பார்த்து எடுத்த முடிவுதான். வியாழக்கிழமை காலை ஆபரேஷன். திங்கட்கிழமை இடமாற்ற அட்டையை நிரப்ப அக்கா என் அறைக்கு வந்தார். அன்றைக்கு அவர் நடை வழக்கத்தைவிட வேகம். ஜன்னல்வரை போவார், திரும்புவார், கதவுவரை போவார்.

"உட்காருங்கக்கா. நீங்க நடக்குறதுல எனக்கு எழுத்து கோணுது."

"நீ எழுது. வயிறு எரியுதுப்பா எனக்கு. அதுக ரெண்டுக்கும் என்ன நடக்கப்போகுதுன்னுகூடத் தெரியாம வெயில்ல படுத்துக்கிட்டிருக்குக."

"பிறந்தப்போ எடை?"

"அண்ணன் பொறந்தப்போ முந்நூத்தி அறுபது கிராம். தம்பி வந்தப்போ எண்ணூத்திப் பத்து."

எழுதினேன். எழுதிய பிறகுதான் காதில் விழுந்தது. என் தொழிலில் ஒரு சொல் எனக்குத் தப்பாது, தெரியுமா? வந்தப்போ.

"வந்தப்போன்னா? தம்பி எங்கிருந்து வந்தான்?"

"ஒரு கார் டிக்கியிலேருந்து. எவனோ வீட்டுல வளர்க்கக் கடத்திக்கிட்டுப் போனான், போலீஸ் பிடிச்சுக் கொண்டாந்து குடுத்தாங்க. அண்ணன் தனியாக் கெடந்து கத்திக்கிட்டே இருந்தான், இவனை அவன் பக்கத்துல போட்டேன். அன்னைக்குத்தான் ரெண்டும் வாயை மூடிச்சு."

பேனா என் கையில் இல்லை. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

"நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்க? நான் சேர்ந்த புதுசுல, கூண்டு முன்னால நின்னு கேட்டேனே, இவங்க ரெண்டு பேரும் யாருன்னு?"

"அண்ணன் தம்பின்னு சொன்னேன்."

"நான் அதைப் பதிவேட்டுல எழுதிட்டேன்கா! ஒரே தாய், ஒரே தகப்பன்னு எழுதிட்டேன்!"

அக்கா நின்றார். ஏழு வருஷத்தில் அவர் அப்படி அசையாமல் நின்று நான் பார்த்ததில்லை.

"அடப்பாவி," என்றார். "நீயுந்தான் என்னை அக்கான்னு கூப்பிடுற. எங்கம்மாவா உன்னைப் பெத்தா?"

அவர் வியாழன், வியாழன் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். நான் பரணிலிருந்து பழைய தனிமை வார்டு ஏட்டை இறக்கினேன். பறிமுதல் செய்து வரும் குட்டிகளை முதலில் அதில்தான் ஏற்றுவார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. பதினேழாம் எண்: ஆண் குட்டி, எடை எண்ணூற்றுப் பத்து கிராம், கடத்தலில் மீட்பு. அதற்குப் பிறகு ஒரு வரி கிடையாது. நான் வந்தபோது எல்லாவற்றையும் புதுப் பதிவேட்டுக்கு மாற்றினேன். அப்படி வரும் குட்டிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. தொடர்ச்சி இல்லையே, போயிருக்கும் என்று நானே முடிவு செய்து, கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தேன்: இறந்தது. கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருந்தேன்.

ஆக ஒரே ஆளை ஒரு பக்கத்தில் சாகடித்து, இன்னொரு பக்கத்தில் இல்லாத வயிற்றில் பிறக்க வைத்திருக்கிறேன். எங்கள் மையத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரே ரத்தம், இத்தனை நாளாக, வீம்புவுக்குப் பக்கத்து வேலியில் நின்று திக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதற்கு ஒழுக்கம் போதித்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த ஏட்டை மறுபடி பரணில் ஏற்றிவிடலாம் என்று தோன்றியது. வியாழக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பிறகு யாருக்கும் அது தேவைப்படாது. அக்கா சொன்னாலும், சலவைக்கு வந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று தள்ளிவிடுவார்கள். பயந்துவிட்டேன். தப்பே செய்யாதவன் என்று பெயர் வாங்கிவிட்டால் அதைக் காப்பாற்ற எவ்வளவு கேவலமாகவும் யோசிக்க முடிகிறது! செவ்வாய்க்கிழமை முழுக்க நான் என் அறையில் நடந்தேன். ஜன்னல்வரை, கதவுவரை. சாயங்காலம் அக்கா வாசலில் வந்து நின்றார்.

"நீயும் நடக்க ஆரம்பிச்சுட்டியா?" என்றார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "நான் போயி சார்கிட்ட சொன்னேன். எழுத்துல இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னு வந்துட்டேன்."

அதைக் கேட்டதும் என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில் ஏட்டைத் தூக்கிக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். பதினேழாம் எண் இருந்த பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

"எழுத்துல இருக்கு சார். நான் கொன்னுட்டேன்."

அவர் பயந்துபோய் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். ஆபரேஷன் நின்றது. ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஐந்து வாரம் இருக்கிறதே! அக்கா காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை என் அறைக்குள் தலையை நீட்டுவார். "வந்துச்சா?" "வரலக்கா." மூன்றாம் வாரத்தில் வீம்பு வேலியருகே புரண்டாள். தம்பி திக்கத் தொடங்கினான். கதவைத் திறக்க முடியாது, முடிவு வரவில்லை. நாலு நாள் அவன் அந்த வேலியோரம் நடந்து நடந்து மண் பள்ளமாகிவிட்டது. ஐந்தாம் நாள் வீம்பு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். மறுபடி எப்போது இந்தப் பக்கம் திரும்புவாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு அக்கா என் அறைப் பக்கமே வரவில்லை.

முடிவு வந்தது. தம்பிக்கும் அண்ணனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வீம்புவுக்கும் இல்லை. டாக்டரம்மா அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, "எங்கேயோ தேடிக்கிட்டிருந்தோமேப்பா, இங்கதான இருந்திருக்கான்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் காத்திருப்பு. ஒரு காலையில் அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "திக்குறான்! திக்குறான்! கதவைத் திறக்கச் சொல்லு!" மூன்று மாப்பிள்ளைகளை அறைந்தவள் தம்பியை அறையவில்லை. ஒன்பது நாள் இரண்டும் ஒரே கூண்டில்.

அந்த ஒன்பது நாளும் எல்லாரும் அந்தக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் இந்தப் பக்கம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சாப்பிடவில்லை. ஒன்பது நாளில் இரண்டே நாள்தான் கறியைத் தொட்டான். வேலியோரம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துகொண்டே குருவி மாதிரி கீச்சென்று கூப்பிடுவான். நாலாம் நாளிலிருந்து அந்தப் பக்கத்திலிருந்து தம்பியும் பதில் கொடுக்கத் தொடங்கினான். பத்தாம் நாள் சேர்த்துவிட்டபோது இரண்டும் ஒன்றை ஒன்று மூஞ்சியிலேயே நக்கிக்கொண்டு நின்றன. அண்ணன் நாலு கிலோ குறைந்திருந்தான்.

தொண்ணூற்று மூன்று நாள் கழித்து வீம்பு நாலு குட்டி போட்டாள். ஒன்று இரண்டாம் நாள் போய்விட்டது. மூன்று நின்றன. தகப்பன் என்ற கட்டத்தில் பதினேழு என்று எழுதினேன். 'இறந்தது' என்பதை அடித்தேன். 'உடன்பிறப்பு: அண்ணன்' என்று இருந்ததையும் அடித்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்:

"அதையும் அடிச்சிட்டியா?"

"அதுதானக்கா தப்பு."

"சரி. அதை அவன்கிட்ட யாரு சொல்றது?"

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. அடுத்த வாரம் விளங்கியது. புது ரத்தம் என்று தெரிந்ததும் தம்பியை வேறொரு மையம் கேட்டது. அங்கே நாலு பெண் சிவிங்கிகள் காத்திருக்கின்றன. இரண்டு வருஷம், தேவைப்பட்டால் அதற்கு மேலும். அவன் வம்சம் பெருக வேண்டும் என்றால் போகத்தான் வேண்டும், அதில் தகராறு இல்லை. ஆனால் ஏற்றிப்போகக் கூடத்தில் வந்து இறங்கியது ஒரே ஒரு பெட்டி.

எங்கள் விதிப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: உடன்பிறந்த ஆண்களைப் பிரித்து அனுப்பக் கூடாது. பதிவேட்டின்படி இப்போது அவர்கள் உடன்பிறந்தவர்கள் இல்லை. அதை அடித்தவன் நான்.

அக்கா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நானே போயி நிரூபிச்சு, நானே பிரிச்சுட்டேன். வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும் நான்" என்று தனக்குத்தானே பேசினார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைக்கக்கூட நிற்கவில்லை, நடந்துகொண்டேதான் துடைத்தார்.

நான் என் அறைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். தாய், தகப்பன் கட்டங்களைத் தொடவில்லை, அதில் இனி என் உயிர் போனாலும் பொய் எழுத மாட்டேன். குறிப்பு என்ற அகலமான கட்டம் ஒன்று உண்டு. அங்கே எழுதினேன்: 'பிறப்பால் அல்ல, வளர்ப்பால் அண்ணன் தம்பி. ஒன்பது நாள் பிரிவில் நாலு கிலோ எடைக் குறைவு. பிரிக்கக் கூடாது. சொன்னவர்: அக்கா.' டாக்டரம்மாவையும் கூட்டிக்கொண்டு இயக்குநரிடம் போனேன்.

"ரெண்டு பெட்டி, ரெண்டு தீனின்னா அவங்க ஒத்துக்க மாட்டாங்கய்யா. அந்த இன்னொருத்தன் இவனுக்கு யாரு?" என்றார் இயக்குநர்.

"அண்ணன் சார்."

"இல்லன்னு நீங்கதானே ரிப்போர்ட் குடுத்தீங்க?"

டாக்டரம்மா குறுக்கே வந்தார். "கவலையில இருக்குற ஆணுக்கு இருக்குற கொஞ்சநஞ்ச நல்ல விந்தும் கெட்டுடும் சார். தனியா அனுப்பினா அங்க போயி அவன் நடந்துக்கிட்டேதான் இருப்பான். வேற எதுக்கும் ஆக மாட்டான்."

இயக்குநர் பதிவேட்டை இழுத்துக் குறிப்பைப் படித்தார். கடைசிச் சொல்லில் விரலை வைத்தார்.

"இது யாருய்யா அக்கா?"

"தீனிப் பிரிவு அக்கா சார்."

"உங்களுக்குச் சொந்தமா?"

பதினெட்டு வருஷம் உறவு எழுதிய கையைப் பதிவேட்டின் ஓரத்தில் வைத்தேன்.

"ஆமா சார். சொந்த அக்கா."

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே," என்று முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்து அந்த மையத்தைக் கூப்பிட்டார். பத்து நிமிஷம் வாக்குவாதம். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது பெட்டி புதன்கிழமை வந்தது. இரண்டையும் ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி லாரியில் ஏற்றினோம். அக்கா லாரி கேட்டைத் தாண்டும்வரை கூடவே நடந்தார். காவலர் கதவைச் சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

மறுநாள் காலை வீம்புவின் கூண்டுப் பக்கம் போனேன். மூன்று குட்டிகளும் உள்ளே கத்திக்கொண்டிருந்தன. அக்கா இரண்டு கையிலும் வாளியோடு கதவைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த வாளியைப் பிடி" என்றார்.

காலியாகக் கிடந்த நடுக்கூண்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"அங்க என்ன பார்க்குற? உன்னைத்தான்டா."